இடது பக்கத் தம்பூரா

கறுப்புப் பெட்டியில் கேட்டாலும் வீணை நன்றாகத்தான் இருந்தது, வெள்ளிப் பெட்டியில் கேட்டாலும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தையல்நாயகிக்குப் பிடிபடவில்லை. ஒன்று நன்றாயிருந்து மற்றது மட்டமாயிருந்தால் சொல்லிவிடலாம். இரண்டுமே மட்டமென்றாலும் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பெட்டிகளையும் அக்காள் தங்கை மாதிரி உட்காரவைத்து, ஹெட்ஃபோன் வயரை இதிலிருந்து பிடுங்கி அதில் செருகி, அதிலிருந்து பிடுங்கி இதில் செருகி, அதே சாவேரியை, மிருதங்கம் வந்து சேர்ந்துகொள்கிற அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. இப்போது சாவேரியே வாயில் வெகுநேரம் கிடந்த பாக்குத் தூள் மாதிரி சக்கையாகிவிட்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே பாட்டு என்று ஒன்றும் கிடையாது மேடம், வெறும் எண்கள்தான், என்று அல்போன்ஸ் சொல்லியிருந்தான். அந்த எண்களைத் திரும்ப ஒலியாக்கிக் கொடுப்பதற்குப் பேர் டேக். அந்த ஒலி ஹெட்ஃபோனை அசைக்கிற அளவுக்குத் தெம்பு ஊட்டுவது ஆம்ப். இரண்டு பெட்டிகளும் இரண்டு வேலையையும் செய்பவைதான். கறுப்பு அவள் வாங்கியது, பிடிக்காவிட்டால் இன்றைக்குள் திருப்பி அனுப்பலாம். வெள்ளி அல்போன்ஸுடையது, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று போன வாரம் கொண்டுவந்து கொடுத்தான். பாலக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இன்றைக்குச் சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். எடுத்துக்கொள்வது மட்டுமா? தீர்ப்பையும் கேட்பானே. எண்கள்தானே, எண்ணுக்கு என்ன இனிப்பு, என்ன புளிப்பு, ஏழு என்றால் கறுப்பிலும் ஏழு, வெள்ளியிலும் ஏழு என்று அவளுக்குள் ஒருத்தி கேட்டாள். அப்படியானால் அத்தனை பேரும் எழுதுவதெல்லாம் பொய்யா என்று இன்னொருத்தி கேட்டாள். தையல்நாயகி வால்யூமை ஒரு முள்ளளவு கூட்டினாள், பிறகு குறைத்தாள். சத்தம் ஒரே அளவில் இருக்கணும் மேடம், கொஞ்சம் கூட இருந்தாலும் அதுதான் நல்லாருக்குன்னு காது ஏமாந்துடும் என்று அல்போன்ஸ் சொல்லியிருந்தான். காது ஏமாறுமா? யாருடைய காது?

அவளும் அல்போன்ஸும் இருக்கிற, பாட்டுக் கேட்பவர்களின் வாட்ஸப் குழுவில் பெண் என்று அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது ஆளுக்கொரு கோயில் கும்பாபிஷேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருக்கும். திரை விலகியது என்பார் ஒருவர். மேடை விரிந்தது என்பார் இன்னொருவர். வயலின் வில்லில் பூசிய குங்கிலியத்தின் வாசனைகூட வந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார், அதற்குப் பத்துப் பேர் கை தட்டினார்கள். ஆனால் கடைசியில் எல்லோரும் காத்திருப்பது அவள் சொல்லுக்குத்தான். மேடம் காது சொல்லட்டும் என்பார்கள். அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தொலைபேசி நிலையத்தில் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவள் அவள்; தலையில் மாட்டிய பட்டையில் ஒரு காதுக்கு மட்டும் குமிழ் இருக்கும், இன்னொரு காது பக்கத்து நாற்காலிக்காரியின் வம்புக்கு. வயருக்குள்ளே கடல் இரைகிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு ஊர்ப் பேரை, ஒரு ஆள் பேரை, அழுகையை, அழுகையை அடக்குவதைப் பிரித்தெடுக்க வேண்டும். மணமேல்குடியிலிருந்து ஒரு பெரியவர் சிங்கப்பூருக்குப் பேசுவார். ஹலோ சொல்வதற்கு முன்னால் அவர் இழுக்கிற மூச்சிலேயே, வாங்க ராவுத்தரே, மகன் நம்பர்தானே என்பாள். அவருக்கு ஆச்சரியம் தாங்காது. நீ என்ன ஜின்னு பூதமாம்மா என்பார். அந்தக் காது. அந்தக் காதுக்கு இந்த இரண்டு தகர டப்பாவைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன, மேடை விரிந்தது என்று தானும் எழுதிவிட்டால் என்ன, மேடை எங்கே போகப்போகிறது, விரிந்தால் விரிந்துவிட்டுப் போகட்டும். கட்டைவிரல் ஃபோன்மேல் போய் நின்று திரும்பி வந்தது.

உண்மையில் அவளைத் தொந்தரவு செய்தது வீணைகூட இல்லை, தம்பூரா. அந்தப் பதிவில் தம்பூரா இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம், வீணை நடுவில். அவளுக்கு அது மனப்பாடம். பழைய ஸ்பீக்கரில் கேட்ட காலத்தில் அந்தத் தம்பூரா பாலேட்டின் கீழே பால் மாதிரி அசையாமல் கிடக்கும். வீணை நிறுத்துகிற இடங்களில் மட்டும் மேலே வந்து முகம் காட்டும். இப்போது அது முகம் காட்டவேயில்லை. கறுப்புப் பெட்டியில் வரவில்லை என்றபோது கறுப்பின்மேல் கோபம் வந்தது. வெள்ளியிலும் வரவில்லை என்றபோது வயரின்மேல் வந்தது. வயரையும் மாற்றிப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பாட்டுக் கோப்பின்மேலேயே சந்தேகம், யாராவது அமுக்கிச் சின்னதாக்கியதா என்று. ஏதோ ஒன்று தம்பூராவைத் தின்கிறது. அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் பஞ்சநதம் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "...போய்ட்டு வந்துடட்டுமா?" என்பதன் வால் மட்டும் வந்து விழுந்தது. "என்னாங்க, முழுசாப் பேசுங்களேன். பாதிய உள்ளயே வச்சிக்கிட்டா எப்படி?" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், "ஒண்ணுமில்ல" என்றார். இதுதான். இந்த ஒண்ணுமில்லதான். ரயில்வே பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகின மனுஷன், தெருமுனையில் பேசினால் வீட்டில் கேட்கும். ஓய்வு பெற்று வந்தபிறகும் நன்றாகத்தான் இருந்தார். கொஞ்ச காலமாகத்தான் இப்படிப் பேச்சைத் தின்கிறார். அவர் காதில்தான் கோளாறு, தன் குரல் தனக்கே கேட்காததால் முனகுகிறார் என்று முதலில் நினைத்தாள்; டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்றுகூடச் சொன்னாள், அதற்கும் ஏதோ முனகினார். பிறகு வேறு மாதிரியெல்லாம் தோன்ற ஆரம்பித்தது. தன்னோடு பேச அவருக்கு ஒன்றும் மிச்சமில்லையோ. பூனாவிலிருந்து மகள் பேசும்போது, உங்கப்பா பேச்சையே விட்டுட்டாருடி என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பேசாத மனுஷனோடு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? அதனால்தானே ஹெட்ஃபோன் வாங்கினாள். இல்லை, ஹெட்ஃபோன் வந்தபிறகுதான் அவர் பேச்சை நிறுத்தினாரா? எது முதலில்? யோசிக்க யோசிக்க வயர் சிக்கு மாதிரி, இழுத்த பக்கமெல்லாம் முடிச்சு விழுந்தது.

"ஏங்க, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்களேன்" என்று அவரைக் கூப்பிட்டாள். இரண்டு பெட்டிமேலும் ஒரு துண்டைப் போர்த்தி, தான் கண்ணை மூடிக்கொள்வதாகவும் அவர் துண்டுக்கடியில் கைவிட்டு வயரை இஷ்டப்படி மாற்றுவதாகவும் ஏற்பாடு. அவர் மேசையைச் சுற்றி வந்து எதிரே நின்றுகொண்டார், கோழி பிடிக்கிறவர் மாதிரி துண்டுக்குள் கையை விட்டார். கண்ணை மூடியதும் வீணை பெரிதாயிற்று. தந்தியில் விரல் உராய்கிற இழுப்பு, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த அடி, எல்லாம் இருந்தது. இடது பக்கம் மட்டும் ஜன்னலைச் சாத்தியது மாதிரி. "இது கறுப்பு" என்றாள். "வெள்ளி" என்றார் அவர். மாற்றினார். "இது?" இப்போது கொஞ்சம் வெளிச்சமாயிருக்கிற மாதிரிதான் இருந்தது, நிச்சயமாக வெளிச்சம். "இது வெள்ளி." "கறுப்பு." மறுபடி ஏதோ குடைந்தார். "இது?" அவள் வெகுநேரம் கேட்டாள். மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள். இது வேறு, முன்னதைவிட ஈரமாக இருக்கிறது, ஆழமாக இருக்கிறது, ஐயமே இல்லை. "மாறிடுச்சு. இது வெள்ளிதான்." "இல்ல தையலு, நான் மாத்தவேயில்ல. வயரு வரமாட்டேங்குது" என்றார் பஞ்சநதம். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவளுக்கு முகம் சுட்டது. மாறாததில் மாற்றத்தைக் கேட்கிற காது என்ன காது? ஈரம் எங்கிருந்து வந்தது? இத்தனை வருஷமாக இல்லாத ஈரத்தையெல்லாம் தானே ஊற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாளா? ராவுத்தரின் மூச்சைக்கூட? இல்லை, அது உண்மை, அதற்குச் சிங்கப்பூர் மகன் சாட்சி இருக்கிறான். இருக்கிறானா?

உள்ளே குக்கர் சத்தம் போட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் எறியாத குறையாக வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. பருப்பு வெந்த வாசனையில் ஒரு நொடி எல்லாம் மறந்து நன்றாக இருந்தது. இவ்வளவுதான் வாழ்க்கை, பருப்பு வெந்தால் போதும், டேக் எதற்கு ஆம்ப் எதற்கு என்று தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவ்வளவுதான் கடைசித் தடவை என்று ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள். துண்டு இன்னும் போர்த்தியே இருந்தது. தம்பூரா வந்தது. திடுமென்று, விளக்குப் போட்டது மாதிரி, நாலு தந்தியும் தனித்தனியாக, கடைசித் தந்தியின் கார்வை அடுத்த மீட்டு வரும்வரை அறுபடாமல். ஆ என்று வாயைவிட்டே சொல்லிவிட்டாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. துண்டை விலக்கிப் பார்த்தாள்: வயர் வெள்ளிப் பெட்டியில், அவள் அடுப்படிக்குப் போயிருந்தபோது அவர் எப்படியோ பிடுங்கி மாற்றியிருக்கிறார். வெள்ளி! அல்போன்ஸ், வெள்ளிதான், தம்பூரா கிடைத்துவிட்டது, கறுப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று ஃபோனில் தட்டி அனுப்பியே விட்டாள். அனுப்பிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்க ஹெட்ஃபோனைக் கழற்றியபோதுதான் அந்த எழுத்தைப் பார்த்தாள். வலது காதில் இருந்த குமிழில் இடது என்று போட்டிருந்தது. மாற்றி மாட்டியிருக்கிறாள். சந்தோஷம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யார் பார்த்தார்கள்? சரியாகத் திருப்பி மாட்டினாள். தம்பூரா போய்விட்டது. மாற்றி மாட்டினாள். வந்தது, ஆனால் இப்போது இடது பக்கம் போயிருந்த மிருதங்கம் ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி மந்தமாகிவிட்டிருந்தது. கறுப்புப் பெட்டியில் செருகினாள். அங்கேயும் அப்படியே. ஹெட்ஃபோனில் இடது குமிழ் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து நிம்மதியானாள், அந்த நிம்மதி ஒரு வாய் காப்பி அளவுகூட நிற்கவில்லை. இடது குமிழ் கெட்டிருந்தால் அதை வலது காதில் வைத்தபோது தம்பூரா எப்படி வந்தது? குமிழ் மாறுகிறது, பெட்டி மாறுகிறது, வயர் மாறுகிறது. மாறாமல் ஒரே இடத்தில் இருப்பது ஒன்றுதான்.

அதை அவள் உடனே நினைக்கவில்லை. நினைப்பு அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வந்தது, நாய் கட்டியிருக்கிற வீட்டு வாசலில் தபால்காரர் நிற்கிற மாதிரி. பெட்டியை நோண்டியதில் ஏதாவது ஆகியிருக்குமோ. மின்சாரம் சரியில்லையோ. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வலது காதோரம் வைத்து உரசினாள்; காய்ந்த இலையை நுணுக்குகிற மாதிரி சரசரவென்று கேட்டது. இடது காதோரம் வைத்து உரசினாள். விரல்கள் உரசுவது விரல்களுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். இன்னும் பலமாக உரசினாள். எங்கேயோ அடுத்த வீட்டில் யாரோ உரசுகிறார்கள். அழுக்காக இருக்கும். கார்த்திகை மழையில் சளி பிடித்தபோது அடைத்துக்கொண்டது, அப்புறம் விட்டுவிட்டது. விட்டுவிட்டதா? விட்டுவிட்டது என்று யார் சொன்னது? ஓசையில்லாமல் ஓசை போகுமா, போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகாதா? அவளுடைய சின்ன அத்தை ஒருத்தி, கல்யாண வீடுகளில் எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகு தான் மட்டும் பலமாகச் சிரிப்பாள். பிள்ளைகள் அவள் முன்னால் வெறுமனே வாயை அசைத்துக் காட்டிவிட்டு ஓடுவார்கள், அவளும் ஆமாமா என்று தலையை ஆட்டுவாள். தையல்நாயகியும் வாயை அசைத்திருக்கிறாள். டிரங்க் போர்டில் குமிழ் எந்தக் காதில் இருந்தது? இடது. எப்போதும் இடது. சோதனைபோல அவள் அந்தக் காதைக் கையால் பொத்தினாள். பொத்தினாலும் பொத்தாவிட்டாலும் வீடு ஒரே மாதிரி இருந்தது. பயமாக இருந்தது. கூடவே, அதைவிட விசித்திரமாக, ஒரு கூச்சம்; பொது இடத்தில் புடவை விலகியிருந்ததை வெகுநேரம் கழித்துக் கண்டுகொண்ட மாதிரி. யார் யார் பார்த்தார்கள்?

தற்செயலாக வலது பக்கம் திரும்பினாள், சமையலறை வாசலில் பஞ்சநதம் நின்றுகொண்டிருந்தார். "சாதத்துக்கு அரிசி களைஞ்சி வச்சிட்டேன், ரசம் நீ வக்கிறியா நான் வக்கட்டுமா?" என்றார். வாக்கியம் முழுசாக வந்தது. தலையும் வாலும் நடுவும். ஒரு எழுத்துக்கூட அவர் விழுங்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் வழக்கமாக உட்கார்கிற நாற்காலியைப் பார்த்தாள். மேசையில் அவளுக்கு இடது கைப்பக்கம், மின்விசிறிக் காற்று வருகிற இடம். கட்டிலிலும் அவர் அந்தப் பக்கந்தான். கோயிலுக்கு நடந்து போனால், வண்டிகள் வருகிற வலது ஓரத்தில் அவளை விடமாட்டார், இடது பக்கமாகத் தள்ளுவாரே, இல்லை, அப்படியானால் அவர் வலது பக்கமல்லவா, தெருவில் பேசுவது கேட்டிருக்கும், தெருவில் என்ன பேசினார், தெருவில் ஒன்றும் பேசுவதில்லை, மேசையில்தான் பேசுவார், காப்பி குடிக்கும்போதுதான் பேசுவார். எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. இவர் பேசிக்கொண்டுதான் இருந்தாரா? இத்தனை நாளும்? "என்ன, அப்படிப் பாக்குற?" என்றார் அவர். "நானே வக்கிறேன்" என்றாள் அவள். அது பதில்தானா என்று தெரியவில்லை.

அழைப்பு மணி அடித்தது. அல்போன்ஸ், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில், முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னேன்ல மேடம்! மெசேஜ் பாத்ததும் குரூப்ல போட்டுட்டேன். தம்பூரா எப்படி வருது பாத்தீங்களா? கறுப்புல அது வராது. எனக்கு அப்பவே தெரியும்."

"உக்காருங்க தம்பி" என்றாள் தையல்நாயகி. மேடை விரிந்தது என்று சொல்லிவிடலாம். பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாம். பஞ்சநதம் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார். சொல்லவேண்டுமென்று அவள் தீர்மானிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "அந்த மெசேஜ எடுத்துருங்க. ரெண்டு பெட்டியும் ஒண்ணாத்தான் கேக்குது எனக்கு. வித்தியாசம் பெட்டியில இல்ல. என் இடது காது கேக்கல."

அல்போன்ஸ் சிரித்தான், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான், என்ன செய்வதென்று தெரியாமல் செம்பை வாங்கிக்கொண்டான். "அழுக்கா இருக்கும் மேடம்" என்றான்.

"இருக்கலாம். நாளைக்குக் காட்டணும்."

"எப்பலேர்ந்து?" என்றார் பஞ்சநதம்.

"தெரியல. கார்த்திகைலேர்ந்து இருக்கலாம். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்ப நான் இவ்வளவு நாளா யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?" அவர் குரல் பட்டறைக் குரலாக உயர்ந்தது. அல்போன்ஸ் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அன்னிக்குக் காந்தி மார்க்கெட்டுல மயக்கம் வந்து வெங்காய மண்டி வாசல்ல உக்காந்துட்டேன்னு சொன்னேன். யாரோ சோடா வாங்கிக் குடுத்தாங்கன்னு சொன்னேன். பயமா இருக்கு தையலுன்னு சொன்னேன். நீ சரிங்க, பாத்துக்கலாம்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிட்ட. சரி, இவளுக்கு நம்மளப் பத்தி அவ்வளவுதான்னு..." இப்போது நிஜமாகவே வார்த்தையை விழுங்கினார்.

அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் இருந்தது, அதுதான் கொடுமை. அன்றைக்கு இடியாப்பம். அவர் முகம் வெளுத்திருந்ததுகூட ஞாபகம் வந்தது, சவரம் பண்ணாததால் என்று நினைத்தாள். உதடுகள் அசைந்தன. வெங்காயம் என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. வெங்காய விலையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், விடவே மாட்டார் இனி, என்று சிரிப்புகூட வந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாள், சரிங்க, பாத்துக்கலாம் என்று. அவருக்கு அந்தச் சிரிப்பும் தெரிந்திருக்கும். இன்னும் எதற்கெல்லாம் சரி என்றாள்? எதற்கெல்லாம் தலையை ஆட்டினாள்? அழவேண்டுமா, அவர்மேல் கோபப்படவேண்டுமா, மறுபடி ஒரு தடவை உரக்கச் சொன்னால் என்ன குறைந்தா போய்விடும் மனுஷனுக்கு என்று. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முன்னால் போவதென்று தெரியாமல் அவள் அவரைப் பிடித்து உட்காரவைத்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

"மண்டி வாசல்ல உக்காந்தீங்க. சோடா குடுத்தாங்க" என்றாள். "அப்புறம்?"